திறமூல டெஸ்க்டாப் மென்பொருளில் ஏஐ: யார் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்?

டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களில் எழுத்துப்பிழை திருத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், இந்த விமர்சனத்தில் பாதி புரிந்துவிடும். ஹன்ஸ்பெல் அகராதி கணினியில் ஒரே இடத்தில் இருக்கும். லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்ட் மூன்றும் அந்த ஒரே கோப்பைத்தான் எடுத்துப் படிக்கும். வேண்டாதவர் அந்தப் பொதியை நீக்கிவிடலாம். அதற்காக லிப்ரே ஆபீஸ் ரைட்டர் திறக்க மறுக்காது. அச்சு எடுப்பதும் இப்படித்தான். கப்ஸ் என்ற அச்சுச் சேவை 631-ஆம் போர்ட்டில் காத்திருக்கிறது, எந்தச் செயலியும் பிரிண்டர் டிரைவரைச் சுமப்பதில்லை.

திறமூலச் செயலிகளுக்குள் மொழி மாடல்கள் வரலாமா என்றால், இந்த வழியில் வந்தால் வரலாம். செயலியில் சர்வர் முகவரிக்கு ஒரு பெட்டி, மாடல் பெயருக்கு ஒரு பெட்டி, ஆரம்பத்தில் இரண்டும் காலி. மாடல் வெளியே தனியாக ஓடட்டும். இந்த அளவுகோலோடுதான் இப்போது புழக்கத்தில் உள்ளவற்றைப் பார்க்கிறோம்.

அடியில் ஓடுவது: ஒல்லாமா

சொந்தக் கணினியில் மாடலை ஓட்டப் பலரும் பயன்படுத்துவது ஒல்லாமா. எம்ஐடி உரிமம், 11434-ஆம் போர்ட், ஓப்பன்ஏஐ ஏபிஐ (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) வடிவத்திலேயே பதில். ஒரு செயலி இந்த ஒரு வடிவத்தைப் பேசக் கற்றுக்கொண்டால் ஒல்லாமா, லாமா சிபிபியின் சர்வர் (போர்ட் 8080), எல்எம் ஸ்டூடியோ (போர்ட் 1234) எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். எல்எம் ஸ்டூடியோ திறமூலம் அல்ல என்பதை மட்டும் மனதில் வைக்கவும்.

கணினி தாங்குமா என்பதை நிறுவும் முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். மெட்டாவின் லாமா 3.1-இல் 8 பில்லியன் எண்கள் (எடைகள்) கொண்ட மாடல் 4 பிட் அளவுக்குச் சுருக்கிய வடிவில் 4.9 ஜிபி. ஒவ்வொரு டோக்கன் (மாடல் கையாளும் சொல் துண்டு) எழுதும்போதும் கிட்டத்தட்ட அந்த 4.9 ஜிபி முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை படித்தாக வேண்டும். இரட்டைச் சானல் டிடிஆர்4-3200 ரேமின் உச்ச வேகம் நொடிக்கு 51.2 ஜிபி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 10 டோக்கன். அது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இன்னும் குறையும். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதிலும் பாதி. கோர் அதிகமுள்ள சிபியூ வாங்கினாலும் எழுதும் வேகம் பெரிதாக ஏறாது. கொடுத்த உரையைப் படித்து முடிக்கும் வேகம்தான் கோர்களால் கூடும்.

சூழல் நீளத்துக்கும், அதாவது மாடல் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கும் உரையின் அளவுக்கும், ரேம் தனியாகப் போகும். படித்த ஒவ்வொரு டோக்கனுக்கும் கீ, வேல்யூ என்ற இரண்டு எண் தொகுதிகளை மாடல் கேச்சாகச் சேமித்து வைக்கும். மேற்சொன்ன மாடலில் 32 அடுக்கு, ஒவ்வொன்றிலும் 8 கேவி தலை, தலைக்கு 128 எண்கள், எண்ணுக்கு 2 பைட். கீயும் வேல்யூவும் சேர்த்தால் டோக்கனுக்கு 128 கேபி, 8192 டோக்கனுக்கு 1 ஜிபி. இந்த மாடல் 1,28,000 டோக்கன் வரை தாங்கும் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு அதை அப்படியே அமைப்பில் போட்டால், கேச் மட்டுமே 16 ஜிபி கேட்கும்.

தமிழுக்குச் செலவு இன்னும் கூடுதல். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘தமிழ்’ என்று எழுதினால் ஐந்து குறிகள், 15 பைட். டோக்கன் களஞ்சியத்தில் 32,000 மட்டுமே வைத்திருந்த லாமா 2 தமிழை எழுத்தெழுத்தாகவும் சில இடங்களில் பைட் பைட்டாகவும் உடைத்தது. லாமா 3-இல் களஞ்சியம் 1,28,000-ஐத் தாண்டியது, கூகுளின் ஜெம்மா 3-இல் 2,62,000. களஞ்சியம் பெரிதானால் தமிழ்ச் சொல்லுக்கு டோக்கன் குறைய வாய்ப்பு உண்டு. அப்படியும் ஆங்கிலத்தைவிட அதிகம்தான். ஆகவே நொடிக்கு 8 டோக்கன் என்பது ஆங்கிலத்தில் வாசிக்கும் வேகம், தமிழில் தட்டுத் தடுமாறும் வேகம். லாமா 3.1 அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் எட்டு மொழிகளில் தமிழ் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வேலைக்கு ஜெம்மா 3-இன் 4 பில்லியன் மாடல் (3.3 ஜிபி) முதல் தேர்வாக இருக்கட்டும்.

ஒல்லாமாவில் அடிக்கடி காலை வாரும் இடங்கள் மூன்று. முதலாவது சூழல் அளவு. பல பதிப்புகளில் இயல்புநிலை 4096 டோக்கன்தான். நாற்பது பக்க ஆவணத்தைக் கொடுத்துச் சுருக்கச் சொன்னால், மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, வெட்டியது தெரியாத மாதிரி சரளமாகச் சுருக்கம் எழுதித் தரும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து. ‘ஒல்லாமா கான்டெக்ஸ்ட் லெங்த்’ என்ற சூழல் மாறியை (இயங்குதளம் நிரலுக்குத் தரும் அமைப்பு மதிப்பை) உயர்த்திவிட்டுத்தான் நீண்ட ஆவணத்தில் கை வைக்க வேண்டும். இரண்டாவது நினைவகம். கேள்விக்குப் பதில் வந்த பிறகும் மாடல் ஐந்து நிமிடம் ரேமிலேயே இருக்கும். 8 ஜிபி கணினியில் அந்த ஐந்து நிமிடமும் பிரவுசர் டேப் ஒவ்வொன்றும் ஸ்வாப்பிலிருந்து (ரேம் போதாதபோது வட்டில் ஒதுக்கும் இடம்) மெதுவாக எழுந்து வரும். ‘ஒல்லாமா பிஎஸ்’ என்று டெர்மினலில் கொடுத்தால் எந்த மாடல் எவ்வளவு இடத்தில் இருக்கிறது, சிபியூவில் எத்தனை சதவீதம், ஜிபியூவில் எத்தனை என்று காட்டும். வேகம் திடீரென்று விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மாடல் ஜிபியூ நினைவகத்துக்குள் முழுதாக அடங்காமல் பாதி சிபியூவுக்கு வழிந்திருக்கும்.

மூன்றாவது பாதுகாப்பு. இந்த சர்வருக்குக் கடவுச்சொல் கிடையாது. இயல்பாக 127.0.0.1-இல் (அதே கணினிக்குள்) மட்டும் கேட்பதால் பிரச்சினை இல்லை. வேறொரு கணினியிலிருந்து இணைக்க வேண்டும் என்று இணையத்தில் பார்த்த குறிப்பின்படி 0.0.0.0 என்று மாற்றிவிட்டால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் மாடலை ஓட்டலாம், அழிக்கவும் செய்யலாம். தொலைவிலிருந்து வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் சுரங்கம் (பூட்டிய தனி இணைப்பு) போடுங்கள்.

லிப்ரே ஆபீஸும் லோக்கல்ரைட்டரும்

லிப்ரே ஆபீஸின் மையத்தில் எல்எல்எம் (பெரிய மொழி மாடல்) எதுவும் இல்லை, அதற்கே ஒரு பாராட்டு. வெளி சர்வர்களை அழைக்கும் பழக்கம் அதில் ஏற்கெனவே உண்டு: 7.4 பதிப்பில் (2022) லாங்குவேஜ்டூல் இலக்கணச் சோதனை, 7.5 பதிப்பில் (2023) டீப்எல் மொழிபெயர்ப்பு. இரண்டும் விருப்பங்கள் சாளரத்தின் மொழி அமைப்புப் பகுதியில் அணைந்த நிலையில் இருக்கின்றன. நீங்கள் அவற்றை முடுக்காத வரை ஒரு எழுத்துகூட அவற்றின் வழியே வெளியே போகாது. லாங்குவேஜ்டூலைச் சொந்தக் கணினியிலேயே 8081-ஆம் போர்ட்டில் ஓட்டி அந்த முகவரியைத் தரலாம். இந்த இரண்டு அமைப்புகளையும் மற்ற திட்டங்கள் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கலாம்.

மாடல் வேண்டுவோருக்கு லோக்கல்ரைட்டர் என்ற நீட்சி இருக்கிறது. ஓஎக்ஸ்டி கோப்பை நீட்சி மேலாளரில் சேர்த்து லிப்ரே ஆபீஸை மறுபடி திறக்க வேண்டும். அமைப்பில் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் சொந்தக் கணினி) 11434-ஐக் கொடுங்கள். மாடல் பெயரைக் காலியாக விட்டால் ஒல்லாமா பிழைதான் தரும். ‘ஒல்லாமா லிஸ்ட்’ காட்டும் பெயரை முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் அளவுக் குறியோடு சேர்த்து அப்படியே தட்டவும். பிறகு உரையைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் க்யூ அழுத்தினால் தொடர்ந்து எழுதும், கண்ட்ரோல் ஈ அழுத்தினால் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டு மாற்றும்.

தொடர்ந்து எழுதுவது பெரும்பாலும் வேடிக்கைக்குத்தான். திருத்தம் உண்மையில் உபயோகம்: நீண்டுபோன பத்தியைச் சுருக்க, அலுவலகக் கடிதத்தின் தொனியை மாற்ற, தாறுமாறான குறிப்புகளை வாக்கியமாக்க. ஆனால் மாடலுக்குப் போவது வெறும் உரை. தேர்ந்தெடுத்த பகுதியில் தடித்த எழுத்து, இணைப்பு, அடிக்குறிப்பு இருந்தால் திரும்பி வரும் உரையில் அவை இருக்காது. அடிக்குறிப்புள்ள ஆய்வுக் கட்டுரையில் ஒரு முழுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஈ அழுத்துவது வினையை விலைக்கு வாங்குவது. கண்ட்ரோல் ஷிஃப்ட் சி அழுத்தி மாற்றப் பதிவை முடுக்கிவிட்டு, பத்தி பத்தியாகச் செய்யுங்கள். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.

லிப்ரே ஆபீஸின் கணக்குத் தாளான கால்க்கில் மாடலை அழைக்கும் ‘பிராம்ப்ட்’ என்ற சார்பும் இந்த நீட்சியில் உண்டு. நூறு வரியில் அதை இழுத்துவிட்டால் நூறு கேள்வி. கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 அழுத்தி முழு மறுகணக்குப் போட்டால் மறுபடி நூறு கேள்வி, நேற்று வந்த அதே பதில் இன்று வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. விடை வந்ததும் நகலெடுத்து, உரையாக மட்டும் ஒட்டிவிட்டுச் சார்பை நீக்கிவிடுவதே விவேகம். கணக்குத் தாளுக்குள் ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும் சூத்திரம் இருப்பதே, பிடிவாதமாகச் சொன்னால், ஒரு வடிவமைப்புக் கோளாறு.

தண்டர்பேர்டும் தண்டர்ஏஐயும்

அஞ்சலில் ஏஐக்கு வேலை அதிகம், அபாயமும் அதிகம். தண்டர்ஏஐ என்ற நீட்சி மின்னஞ்சலைச் சுருக்கும், பதில் வரைவு எழுதும், குறிச்சொல் போடும். வெளிச் சேவைகளோடும் ஒல்லாமாவோடும் இணையும். இணைக்கப்போனால் முதலில் வருவது அனுமதிப் பிழை. நீட்சியிலிருந்து வரும் கோரிக்கையை ஒல்லாமா நிராகரிக்கிறது, காரணம் அதன் மூல முகவரி (ஆரிஜின்) ‘மாஸ் எக்ஸ்டென்ஷன்’ என்று தொடங்குகிறது. ‘ஒல்லாமா ஆரிஜின்ஸ்’ என்ற சூழல் மாறியில் அந்த மூல முகவரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

பலர் அதை பாஷ்ஆர்சி (டெர்மினல் ஷெல்லின் அமைப்பு) கோப்பில் எழுதிவிட்டு, இன்னும் ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். லினக்ஸில் ஒல்லாமா, பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கீழ் ஒரு சேவையாகத் தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது. உங்கள் ஷெல்லில் எழுதியது அதற்குத் தெரியாது. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கட்டளையால் அந்தச் சேவையின் கோப்பைத் திறந்து, சர்வீஸ் பகுதியில் என்விரான்மென்ட் வரியாக எழுதி, டீமன் ரீலோடும் ரீஸ்டார்ட்டும் கொடுக்க வேண்டும்.

அபாயம் வேறு இடத்தில். மின்னஞ்சல் என்பது முன்பின் தெரியாதவர் எழுதும் உரை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரு கட்டளையை ஒளித்து அனுப்பினால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, மாடலுக்குத் தெரியும். இது கற்பனை இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டில் 2025 ஜூனில் வெளியான எக்கோலீக் ஓட்டை இந்த வகைதான்: பயனர் எதையும் கிளிக் செய்யாமலே, வந்து விழுந்த ஒரு அஞ்சல் மூலம் உள்தகவலை வெளியே இழுக்க வழி இருந்தது. பழுது பார்க்கப்பட்டுவிட்டது; ஆனால் வகை அப்படியே இருக்கிறது. அஞ்சலைப் படிக்கும் மாடலுக்கு அனுப்பும் உரிமையோ, இணைப்புகளைத் திறக்கும் உரிமையோ தரவே கூடாது. வரைவு எழுதட்டும், அனுப்பும் பொத்தான் மனிதனிடம் இருக்கட்டும். மாடல் தந்த சுருக்கத்தில் இருக்கும் படத்தையும் சுட்டியையும் செயலி தானாகத் திறக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டுவதும் அவசியம், தகவல் கசிவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

ஃபயர்பாக்ஸ்

இங்கே நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. 118-ஆம் பதிப்பில் (2023 செப்டம்பர்) வந்த பக்க மொழிபெயர்ப்பு முழுக்க முழுக்கக் கணினிக்குள்ளேயே நடக்கிறது. மொழிக்கு மொழி சின்ன மாடல், தேவைப்படும்போது மட்டும் இறக்கம். ஒரு வேலைக்கு ஒரு சிறு மாடல் என்ற கொள்கையை இதைவிட நன்றாகச் செய்தவர் இல்லை. 130-இல் (2024) பிடிஎஃப் படங்களுக்கு மாற்றுரை எழுதும் வசதி வந்தது, அதுவும் உள்ளேயே ஓடுவது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வேலை என்பதால் அதன் தேவையைப் பற்றிக் கேள்வியே இல்லை.

அதே 130-இல் சோதனையாக வந்த பக்கப்பட்டி சாட்பாட் வேறு ரகம். வெளிச் சேவையின் வலைப்பக்கத்தையே பக்கப்பட்டியில் திறந்து, தேர்ந்தெடுத்த உரையை முகவரியோடு ஒட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான். சொந்த மாடலை இணைக்கும் வழி இருந்தும் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: அபவுட் கன்ஃபிக் பக்கத்தில் ‘பிரவுசர் எம்எல் சாட்’ குடும்பத்தில் உள்ள ‘ஹைட் லோக்கல்ஹோஸ்ட்’ விருப்பத்தை ஃபால்ஸ் ஆக்கினால்தான் பட்டியலில் லோக்கல்ஹோஸ்ட் தெரியும். ஒரு திறமூல பிரவுசர் தன் பயனரின் சொந்தக் கணினியை மறைத்து, வெளி நிறுவனங்களை முன்னால் வைப்பது எந்த ஊர் நியாயம்?

அதைத் திறந்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. முகவரியில் 11434-ஐக் கொடுத்தால் பக்கப்பட்டியில் ஒல்லாமா ஓடிக்கொண்டிருக்கிறது என்ற ஒற்றை ஆங்கில வரி மட்டும் வரும். பிழை ஒன்றும் இல்லை. ஒல்லாமாவின் அந்த முகவரியில் வலைப்பக்கம் கிடையாது, ஃபயர்பாக்ஸுக்கு வேண்டியது வலைப்பக்கம். லாமா சிபிபியின் சர்வரை 8080-இல் ஓட்டினால் அதனோடு வரும் சொந்தப் பக்கம் நேராகத் திறக்கும். மாடலோடு உரையாடும் வலைப்பக்கம் தரும் ஓப்பன் வெப்யூஐயை டாக்கரில் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) போடுபவர்கள் கவனிக்க: கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். அங்கிருந்து ஒல்லாமா தெரிய வேண்டுமென்றால், லினக்ஸில் கன்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டுவது சுலபம்.

141-இல் (2025 ஜூலை) வந்த டேப் குழு யோசனைகளுக்குப் பிறகு, இன்ஃபரன்ஸ் என்ற புராசஸ் சிபியூவைத் தின்பதாகப் புகார்கள் எழுந்தன. கேட்காத வேலைக்கு மின்விசிறி சுற்றினால் யாருக்கும் எரிச்சல் வரும். 2025 டிசம்பரில் புதிய தலைமை ‘ஏஐ பிரவுசர்’ என்று பேசப்போக, எதிர்ப்பு வெடித்தது. அதன் விளைவாக 2026 பிப்ரவரியில் வந்த 148-இல் எல்லா ஏஐ அம்சங்களையும் ஒரே இடத்தில் முடக்கும் அமைப்பு கிடைத்தது, இனி வரப்போகும் அம்சங்களுக்கும் அது பொருந்தும். வரவேற்கலாம். ஆனால் எல்லாம் அணைந்தே வந்து, வேண்டியதை மட்டும் திறப்பதாக இருந்திருந்தால் இந்த அமைப்புக்கே வேலை இருந்திருக்காது.

மற்றவை, சுருக்கமாக

ஐடெர்ம்2, மேக் கணினிக்கான திறமூல டெர்மினல். 2024-இல் வந்த 3.5-இல் ஏஐ கட்டளை உதவியைச் சேர்த்தது. ஏபிஐ கீ (சேவையை அழைப்பதற்கான இரகசியச் சாவி) கொடுக்காமல் அது இயங்காது. அப்படியும் கடவுச்சொற்கள் தட்டப்படும் இடத்தில் இந்த நிரலே இருக்கக் கூடாது என்று பயனர்கள் கொதித்தார்கள். அடுத்த 3.5.1-இல் அதைத் தனிச் செருகுநிரலாகப் பிரித்தார்கள். சரியான தீர்வு, அதுவும் சில வாரங்களில். அணைக்கும் பொத்தான் இருக்கிறது என்பதும் அந்த நிரலே கணினியில் இல்லை என்பதும் ஒன்றல்ல. நிறுவனங்களில் மென்பொருளைத் தணிக்கை செய்பவர்களுக்கு இரண்டாவதுதான் கணக்கு.

மின்னூல்களை நிர்வகிக்கும் காலிபர் 2025-இல் நூல்களைப் பற்றி ஏஐயிடம் கேட்கும் வசதியைச் சேர்த்தது. சேவையை நீங்களே அமைத்தால்தான் வேலை செய்யும், ஒல்லாமாவும் எல்எம் ஸ்டூடியோவும் தேர்வில் உண்டு. நடத்தையில் குறை சொல்ல இடமில்லை. செருகுநிரல் அமைப்பு இவ்வளவு வலுவாக உள்ள ஒரு மென்பொருளில் இதை ஏன் மையத்தில் வைத்தார்கள் என்பதுதான் புரியவில்லை. நிரல் எழுதும் செட் எடிட்டரில் ஏஐ மையத்திலேயே இருக்கிறது, ஆனால் 2025 முதல் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் மொத்தத்தையும் அணைக்கலாம். ஏஐக்காகவும் பலர் அதைத் தேர்ந்தெடுப்பதால் அங்கே அது பொருத்தம்தான்.

பராமரிப்பும் உரிமமும்

வெளி நிறுவனங்களின் பெயரையும் மாடல் பெயரையும் செயலியின் நிரலில் பதிப்பது பராமரிப்பாளர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. டெபியனின் நிலைப்பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டு உறைந்திருக்கும். மேகச் சேவைகளோ அதற்குள் மாடல்களை ஓய்வுபெறச் செய்துவிடுகின்றன. உறைந்த பதிப்பில் பட்டியலிட்ட மாடல் பெயர்கள் பாதி செத்திருக்கும், புகார் மட்டும் பொதியாளருக்கு வரும். மாடல் பெயர் தட்டச்சிடும் பெட்டியாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஏபிஐ கீயைப் பல நீட்சிகள் சாதாரண உரைக்கோப்பில் வைக்கின்றன. கேடிஇ வாலட், க்னோம் கீரிங் இரண்டும் பேசும், இரகசியங்களைப் பூட்டி வைக்கும் சீக்ரெட் சர்வீஸ் இருக்கும்போது இது சோம்பேறித்தனம்.

மாடலைச் செயலியோடு கட்டிக் கொடுத்தால் உரிமமும் சிக்கலாகும். லாமாவின் உரிமத்தில் மாதம் 70 கோடிப் பயனர் என்ற வரம்பும் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளும் உண்டு. திறமூல உரிமம் என்று அதைச் சொல்ல முடியாது. ஜெம்மா 3-க்கும் கூகுள் தனி விதிமுறை வைத்திருக்கிறது. அப்பாச்சி 2.0-இல் வரும் மிஸ்ட்ரல் 7பி, ஸ்மால்எல்எம்2 போன்றவற்றை விநியோகிக்கத் தடையில்லை. ஆனாலும் எடைகள் கிடைப்பதால் மட்டும் மூலம் கிடைத்ததாகிவிடாது. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 2024 அக்டோபரில் வெளியிட்ட வரையறைகூட, பயிற்சித் தரவு முழுவதையும் தராமல் அதன் விவரத்தைத் தந்தாலே போதும் என்று விட்டுக்கொடுத்ததற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. மாடல் தனிப் பொதியாக, பயனர் தானே இறக்குவதாக இருந்தால் செயலியின் ஜிபிஎல் உரிமத்துக்குப் பக்கத்தில் இந்தக் குழப்பம் வராது.

எதை நிறுவலாம்

8 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினியில் லிப்ரே ஆபீஸ், லாங்குவேஜ்டூல், ஃபயர்பாக்ஸின் மொழிபெயர்ப்பு போதும். எல்எல்எம் பக்கம் போக வேண்டாம். 16 ஜிபியும் இரட்டைச் சானலும் இருந்தால் ஒல்லாமாவில் ஜெம்மா 3-இன் 4 பில்லியன் மாடல், சூழல் 8192, மேலே லோக்கல்ரைட்டர். 8 ஜிபி நினைவகமுள்ள ஜிபியூ இருந்தால் 8 பில்லியன் மாடலும் 8192 சூழலும் சேர்ந்து ஏறக்குறைய 6 ஜிபியில் அடங்கும், எழுதும் வேகமும் பல மடங்கு கூடும். அப்போது தண்டர்ஏஐயைச் சேர்க்கலாம், ஆனால் தானாகக் குறிச்சொல் போடும் வசதியை அணைத்து வைக்கவும். இல்லையென்றால் காலையில் தண்டர்பேர்டைத் திறந்ததும் இரவு வந்து குவிந்த ஒவ்வொரு அஞ்சலும் வரிசை கட்டி மாடலிடம் போகும்.